ஓலைப் பின்னலிலிருந்து நிரலுக்கு: எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை எப்படிக் கூட்டிப்போவது?

பனங்காடு எழுதியது:

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தமிழ்வழி உயர்நிலைப் பள்ளியில் கணக்கும் கணினியும் சொல்லிக்கொடுக்கிறேன். கணினி இல்லையே என்ற குறை எங்களுக்கு இல்லை. கேரளத்தில் 2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் 2017இல் கைட் நிறுவனமாக மாறியது. அடுத்த ஆண்டே லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் கணினி மன்றங்களும் வந்துவிட்டன. கணினிக்கு நாம் எழுதித் தரும் செய்முறைதான் நிரல்; அதை எழுத உதவும் ஸ்கிராட்ச், பைதான் என்ற இரண்டு மொழிகளும் எல்லையோரப் பிள்ளைகளுக்கும் பழகிய பெயர்கள்.

என் கவலை வேறு. ஸ்கிராட்சில் கட்டங்களை இழுத்து அடுக்கிப் பூனையை ஓடவிடுகிற பிள்ளையிடம், "இந்தத் 'திரும்பச் செய்' கட்டத்தை எடுத்துவிட்டால் பூனை எங்கே நிற்கும்?" என்று கேட்டால், உடனே கை சுட்டிக்குப் போகிறது. ஓட்டிப் பார்த்துத்தான் பதில் சொல்கிறார்கள். ஓட்டாமல் மனதுக்குள் ஒவ்வோர் அடியாக நடத்திப் பார்ப்பது பழக்கத்தில் இல்லை. திரை உடனே பதில் தருகிறது, அதனால் யோசிக்கும் வேலை மிச்சமாகிவிடுகிறது.

அதனால் இந்த ஆண்டு திரைக்கு முன் ஓலையைக் கையில் கொடுத்தேன். எங்கள் வட்டாரத்தில் கரும்பனைக்குப் பஞ்சமில்லை. குருத்தோலையை ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் கிழித்து, ஈரத்துணியில் சுற்றி வைத்துக்கொண்டோம். இரண்டு பிள்ளைகள் முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார வேண்டும். ஒருவர் கையில் பின்னி முடித்த சிறு தடுக்கு. அதைப் பார்த்துச் செய்முறையை எழுத வேண்டும். மற்றவர் தாளில் உள்ளதை மட்டும் படித்துப் பின்ன வேண்டும். பேச்சு கூடாது.

முதல் தாளில் "அழகாக மாற்றி மாற்றிப் பின்னவும்" என்று வந்தது. வாங்கியவள் ஓலையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். எதை மாற்றுவது, எங்கிருந்து தொடங்குவது? தாள் திரும்பிப் போயிற்று. அடுத்த முறை "மேல், கீழ், மேல், கீழ், கடைசி வரை" என்று வந்தது. அவள் எல்லா வரிசையையும் மேலிலேயே தொடங்கினாள். குறுக்கு ஓலைகள் ஒன்றையொன்று பிடிக்காமல் மொத்தமும் கையோடு உருவிக்கொண்டு வந்தது. மூன்றாவது தாளில்தான் "இரட்டைப்படை வரிசை என்றால் கீழில் தொடங்கு" என்ற வரி வந்தது. அந்த வரியை நான் சொல்லித்தரவில்லை.

கைவேலை செய்வதையே நிரலாக்கம் என்று நான் சொல்லவில்லை. பத்து வயதிலேயே கண்ணை மூடிக்கொண்டு பெட்டி முடையும் பிள்ளைகள் எங்கள் பள்ளியில் இருக்கிறார்கள். செய்முறையை எழுதி இன்னொருவர் கையில் ஒப்படைத்து, அது எங்கே தவறுகிறது என்று கண்டு, தாளைத் திருத்துகிற இடத்தில்தான் நிரலாக்கம் தொடங்குகிறது என்பது என் உறுதியான எண்ணம். இங்கிருந்து பைதானுக்கு எப்படிப் போவது, வேறு எந்தக் கைவேலைகள் பொருந்தும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

நகரித்தறி எழுதியது:

டீச்சர், வணக்கம். நான் ஆந்திர எல்லையில் நகரிக்காரன். எங்கள் தெருவில் விடிந்தால் விசைத்தறிச் சத்தம்தான். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு.

நீங்கள் செய்திருப்பது பாவும் ஊடையும்தான். நெடுக்கு ஓலை பாவு, குறுக்கு ஓலை ஊடை. அடுத்த படியாகச் சாய்வரி நெசவைக் கொடுங்கள். இரண்டு மேல், இரண்டு கீழ், ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு இழை தள்ளித் தொடங்க வேண்டும். கட்டம்போட்ட தாளில் வரைந்தால் இப்படி வரும்:

முதல் வரிசை: கீழ், கீழ், மேல், மேல்
இரண்டாவது: கீழ், மேல், மேல், கீழ்
மூன்றாவது: மேல், மேல், கீழ், கீழ்
நான்காவது: மேல், கீழ், கீழ், மேல்

ஐந்தாவது வரிசை மறுபடி முதல் வரிசைதான். பிள்ளைகள் முதலில் இந்த நான்கு வரியையும் அப்படியே எழுதிவைப்பார்கள். எழுதட்டும். பிறகு, "நாற்பது நெடுக்கு ஓலைக்கும் இவ்வளவையும் எழுதுவாயா?" என்று கேளுங்கள். வரிசை எண்ணையும் நெடுக்கு ஓலை எண்ணையும் கூட்டி நான்கால் வகுக்க வேண்டும். மீதி 0 அல்லது 1 என்றால் மேல், 2 அல்லது 3 என்றால் கீழ். மேலே உள்ள பட்டியலை இந்த ஒரே விதி தந்துவிடும், சரிபார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் தடுக்குக்கும் இதேபோல ஒன்று உண்டு. கூட்டுத்தொகை இரட்டைப்படை என்றால் மேல், ஒற்றைப்படை என்றால் கீழ்.

தறிக்கும் கணினிக்கும் உள்ள உறவு புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டிய ஒன்றில்லை. பிரான்ஸில் ஜக்கார்டு என்பவர் 1804இல் கொண்டுவந்த தறியில் துளையிட்ட அட்டைகள்தான் எந்த இழையைத் தூக்க வேண்டும் என்று தீர்மானித்தன. துளை இருந்தால் ஊசி உள்ளே போய்விடும், கொக்கி தன் இடத்திலேயே நின்று மேலே தூக்கப்படும். துளை இல்லாவிட்டால் அட்டை ஊசியைத் தள்ளும், கொக்கி விலகிவிடும், இழை கீழேயே நிற்கும். இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ், இன்றைய கணினிக்கு முன்னோடியான தன் பகுப்பாய்வுப் பொறிக்கு இந்த அட்டை முறையைத்தான் எடுத்துக்கொண்டார். 1843இல் அந்தப் பொறியைப் பற்றி எழுதிய அடா லவ்லேஸும் ஜக்கார்டு தறியைச் சொல்லித்தான் அதை விளக்கினார். எங்கள் வீட்டுத் தறிமேல் இன்றைக்கும் அட்டைகளைக் கோத்து முதல் அட்டையையும் கடைசி அட்டையையும் சேர்த்துக் கட்டியிருக்கிறோம். சுற்றிக்கொண்டே இருக்கும், சேலை முழுக்க அதே பூ விழும். உங்கள் பிள்ளைகளின் 'திரும்பச் செய்' கட்டம் அந்தச் சங்கிலிதான்.

இரவுப்பணி எழுதியது:

கோவையில் மென்பொருள் வேலை, சொந்த ஊர் வேலந்தாவளம். முயற்சி நன்றாக இருக்கிறது டீச்சர். ஆனால் ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். பின்னலில் எல்லாமே முன்கூட்டித் தெரிந்தது. எத்தனை ஓலை, எத்தனை வரிசை என்று தெரியும். நிரலின் கடினமான பகுதி, உள்ளே என்ன வரும் என்று தெரியாமலே முடிவெடுக்கும்படி எழுதுவது. பின்னலிலேயே நின்றுவிட்டால் பிள்ளைகள் ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்யும் சுழற்சியை மட்டும் கற்றுக்கொள்வார்கள்.

ஒன்று செய்யுங்கள். பின்னுவதற்கு முன் ஓலைகளை நீளவாரியாக அடுக்க வேண்டுமல்லவா? அதையே பாடமாக்குங்கள். நீளம் வேறுபட்ட எட்டு ஓலைகளை உறையில் போட்டு நுனி மட்டும் தெரியும்படி வைக்க வேண்டும். ஒரு நேரத்தில் இரண்டை மட்டுமே வெளியே எடுத்து ஒப்பிடலாம். ஒவ்வோர் ஒப்பீட்டுக்கும் ஒருவர் கோடு போட வேண்டும். கண்ணால் மொத்தமாகப் பார்த்து அடுக்குவது மனிதருக்குச் சுலபம், கணினிக்கு அந்தக் கண் கிடையாது. இதை வாயால் சொன்னால் பிள்ளைகளுக்கு ஏறாது, உறை ஏற்றிவிடும்.

பக்கத்துப் பக்கத்து ஓலைகளை ஒப்பிட்டு மாற்றிக்கொண்டே போனால் எட்டு ஓலைக்கு அதிகபட்சம் 28 ஒப்பீடு. இரண்டிரண்டாக அடுக்கி, அவற்றை நான்காக இணைத்து, பிறகு எட்டாக இணைத்தால் அதிகபட்சம் 17 போதும். இந்த இரண்டு எண்ணையும் முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். இரண்டு குழுக்கள் இரண்டு வழியில் செய்து, கோடுகளை எண்ணிப் பார்த்து, "அவர்களுக்கு மட்டும் எப்படிக் குறைந்தது?" என்று சண்டைக்கு வரட்டும். கணினியே இல்லாமல் இப்படிக் கற்பிக்கும் முறையை நியூசிலாந்தின் கணினிப் பேராசிரியர் டிம் பெல்லும் அவருடைய நண்பர்களும் பல ஆண்டுகளாக வளர்த்திருக்கிறார்கள். அதை அப்படியே எடுத்து ஓட்டாமல் நம் ஓலையில் செய்வதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

பழைய வாத்தியார் எழுதியது:

ஓய்வு பெற்ற தலைமையாசிரியன் நான். நோக்கத்தைக் குறை சொல்லவில்லை அம்மா. ஆனால் பள்ளிக்கூடம், கைத்தொழில் என்ற இரண்டு சொல்லும் பக்கத்தில் வந்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

1953இல் ராஜாஜி அரசு கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தைக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைப் பழகட்டும் என்றது. குலக்கல்வி என்று நாடே எதிர்த்தது. 1954இல் காமராஜர் முதலமைச்சர் ஆன பிறகு அந்தத் திட்டம் போயிற்று. அதற்கு முன் 1937இல் காந்தியார் முன்வைத்த, கைத்தொழில் வழியே கற்பிக்கும் ஆதாரக் கல்வி நல்ல எண்ணத்தில் வந்தது. நானே நூல் நூற்கும் தக்ளியைச் சுற்றியிருக்கிறேன். நூல் நீண்டதே தவிர, அந்த வகுப்பில் கணக்கு வளர்ந்ததாக எனக்கு நினைவில்லை. தக்ளியை யாரும் பாடத்தோடு கோக்கவில்லை.

உங்கள் வகுப்பில் கூடை முடைகிறவர் வீட்டுப் பிள்ளை இருந்தால், "உனக்குத்தான் இது நன்றாக வருமே" என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், அந்தப் பிள்ளை அன்றைக்கே சுருங்கிப்போகும். படித்துவிட்டு அதிலிருந்து வெளியேறத்தானே பள்ளிக்கு வந்திருக்கிறது? கணினி வகுப்பிலும் முறம்தானா என்று அதன் அப்பா கேட்டால் என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

பனங்காடு எழுதியது:

சார், அந்த அச்சம் எனக்கும் உண்டு. அதனால்தான் சில ஏற்பாடுகளைக் கண்டிப்பாக வைத்திருக்கிறேன். எல்லாப் பிள்ளையும் எல்லா வேலையையும் செய்ய வேண்டும், ஜோடிகள் சீட்டுக் குலுக்கித்தான் அமையும். யார் வீட்டில் என்ன தொழில் என்று நான் கேட்பதில்லை, பிள்ளைகளையும் கேட்க விடுவதில்லை. மதிப்பெண் தடுக்குக்குக் கிடையாது, தாளுக்கு மட்டும்தான். கோணலாகப் பின்னியிருந்தாலும் தாள் சரியாக இருந்தால் முழு மதிப்பெண். கணினி நேரத்தில் ஒரு பீரியடைக்கூடக் குறைக்கவில்லை. ஓலைக்கு அடுத்த பீரியடு திரைமுன் உட்காருகிறார்கள்.

அப்பா கேட்டால் என்ன பதில் என்றீர்கள். உங்கள் மகள் தானே எழுதிய பைதான் நிரலை ஓட்டாமலே அது என்ன செய்யும் என்று சொல்கிறாள், வந்து கேளுங்கள் என்பேன்.

மூங்கில்தோப்பு எழுதியது:

வாத்தியார் ஐயா சொன்ன வீட்டுப் பிள்ளை நான்தான். கூடை முடைந்துதான் என்னைக் கல்லூரி வரை படிக்கவைத்தார்கள். இப்போது கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு.

பள்ளியில் என்னைச் சுருங்கவைத்தது கூடை இல்லை ஐயா. கூடையில் கணக்கு இருக்கிறது என்று ஒருவர்கூடச் சொல்லாததுதான் சுருங்கவைத்தது. அம்மா வட்டக் கூடைக்கு அடி போடும்போது நிற்கும் குச்சிகளை எண்ணுவார். இரட்டைப்படையாக இருந்தால் ஒன்றைக் கூடச் செருகுவார். ஏன் என்று கேட்டால் "இல்லாவிட்டால் நிற்காது" என்பார். கல்லூரியில் மீதி காணும் கணக்கு நடத்திய அன்றுதான் எனக்குக் காரணம் புரிந்தது.

ஒரே பட்டையைச் சுற்றிச் சுற்றி முடைகிறோம். ஒரு குச்சிக்கு வெளியே, அடுத்ததற்கு உள்ளே. பதினாறு குச்சி என்றால் முதல் குச்சிக்கு வெளியே தொடங்கிய பட்டை ஒரு சுற்று முடிந்து வரும்போது மறுபடியும் முதல் குச்சிக்கு வெளியேதான் வரும். எத்தனை சுற்று சுற்றினாலும் அதே குச்சிகளுக்கு வெளியே, அதே குச்சிகளுக்கு உள்ளே. பிடிப்பே இருக்காது. பதினேழு என்றால், பதினெட்டாவது அடியில் முதல் குச்சிக்குத் திரும்பும்போது முறை தானாக மாறி உள்ளே போய்விடும். அடுத்த சுற்றில் மறுபடி வெளியே. டீச்சரின் தடுக்கில் "இரட்டைப்படை வரிசை என்றால் கீழில் தொடங்கு" என்று தனியாக எழுத வேண்டியிருந்தது. கூடையில் அந்த வரியே வேண்டாம், எண்ணிக்கை பார்த்துக்கொள்ளும்.

பிள்ளைகளுக்குப் பதினாறு குச்சியே கொடுங்கள். அவர்கள் தாளில் தவறு இருக்காது, ஆனாலும் கூடை நிற்காது. விதி சரி, உள்ளே கொடுத்த எண் சரியில்லை என்று கண்டுபிடிக்க வேண்டி வரும். கண்டுபிடித்த பிறகு, "குச்சியைக் கூட்டாமல் சரிசெய்" என்று கேளுங்கள். இரண்டு பட்டைகளை எடுத்து, இரண்டாவதை ஒரு குச்சி தள்ளித் தொடங்கி, ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றினால் பதினாறிலும் நிற்கும்.

இன்னொன்று, டீச்சர். கூடைக்காரர்களையும் நெசவாளிகளையும் பள்ளிக்கு அழைத்தால் அன்றைய கூலியைக் கொடுங்கள். ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வருகிறார்கள். பிள்ளைகள் முன்னால் நாற்காலியில் உட்காரவையுங்கள். எங்கள் அம்மாவை ஒரு பள்ளியில் கண்காட்சிக்கு அழைத்து நாள் முழுக்கத் தரையில் உட்காரவைத்து, பொன்னாடை போர்த்தி அனுப்பிவிட்டார்கள். பஸ் காசுகூடத் தரவில்லை.

பழைய வாத்தியார் எழுதியது:

உன் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல் தாயே. பதினாறு, பதினேழு கணக்கு எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. கூலி பற்றி நீ சொன்னதைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானமாகவே எழுதிவைக்க வேண்டும். செய்தால் டீச்சரின் முயற்சிக்கு நான் எதிர்ப்புச் சொல்ல மாட்டேன். சீட்டுக் குலுக்குவதை மட்டும் எந்த ஆண்டும் விட்டுவிடாதீர்கள்.

புள்ளி வைத்தவள் எழுதியது:

பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து எழுதுகிறேன். காசு செலவில்லாத ஒன்றைச் சொல்லட்டுமா? கோலமாவும் முற்றமும் போதும். ஆண்பிள்ளைகளும் போட வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள் டீச்சர்.

சிக்குக் கோலத்தைச் செவ்வகமாகப் புள்ளி வைத்துப் போடச்சொல்லுங்கள். கோடு புள்ளிகளுக்கு நடுவே சாய்வாகவே போக வேண்டும், ஓரம் வந்தால் புள்ளியைச் சுற்றித் திரும்ப வேண்டும். வேறு வளைவு கூடாது. மூன்றுக்கு ஐந்து வைத்தால் கையெடுக்காமல் ஒரே கம்பியில் முடியும். நான்குக்கு ஆறு வைத்தால் கம்பி பாதியிலேயே தொடங்கிய இடத்துக்கு வந்துவிடும், மிச்சப் புள்ளிகளுக்கு இன்னொரு கம்பி வேண்டும். ஆறுக்கு ஒன்பது மூன்று கம்பி. நான்குக்கு நான்கு என்றால் நான்கு கம்பி. பிள்ளைகள் பட்டியல் போட்டுப் பார்க்கட்டும். கம்பிகளின் எண்ணிக்கை இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்திதான், அதாவது இரண்டையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண்.

அதைக் கண்டுபிடிக்கும் யூக்ளிடின் வழிதான் உலகத்தின் மிகப் பழைய படிமுறைகளில் ஒன்று. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துக்கொண்டே போக வேண்டும், இரண்டும் சமமானால் நிறுத்த வேண்டும். 6, 4 என்றால் 2, 4. பிறகு 2, 2. விடை 2. எட்டுக்குப் பதின்மூன்று புள்ளி வைத்தால் எத்தனை கம்பி என்று கோலம் போடாமலே சொல்லிவிடலாம். இரவுப்பணி அண்ணா கேட்ட, எத்தனை முறை சுற்றும் என்று முன்கூட்டித் தெரியாத சுழற்சி இதில் இருக்கிறது.

கோலத்தைக் கணினியோடு சேர்த்துப் பார்ப்பது விளையாட்டு என்று யாராவது நினைத்தால் ஒன்று சொல்கிறேன். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணியுடனும் கமலா கிருத்திவாசனுடனும் சேர்ந்து 1974இலேயே கோலங்களை முறைசார் இலக்கணமாக, அதாவது வடிவங்களை உருவாக்கும் விதிகளாக விளக்கி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார். நம் வாசலில் இருப்பது ஆய்வுக்கு எட்டியது, பள்ளிக்கு எட்டவில்லை.

பனங்காடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. திரைக்குப் போகும் வழியும் இப்போது தெளிகிறது. சாய்வரி விதியை அப்படியே பைதானில் எழுதலாம். வரிசைக்கு ஒரு சுழற்சி, அதற்குள் ஓலைக்கு ஒரு சுழற்சி, மீதியைப் பார்த்து மேலுக்குக் கருப்புக் கட்டம், கீழுக்கு வெள்ளைக் கட்டம் அச்சிட வேண்டும். தாளில் எழுதி, கையால் பின்னி, பிறகு திரையில் பார்க்கும்போது மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். கோலத்துக்குப் பைதானிலேயே உள்ள, சொன்னபடி நகர்ந்து திரையில் கோடு வரையும் ஆமை பொருந்தும். 1967இல் பிள்ளைகளுக்கான லோகோ நிரல்மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான சீமோர் பேப்பர்ட், பிள்ளை தன் உடம்பால் நடந்து பார்த்து ஆமைக்கு வழி சொல்ல வேண்டும் என்றார். முற்றத்துப் புள்ளிகளுக்கு நடுவே நடக்கவைத்துவிட்டுத்தான் ஆமையைக் காட்டப்போகிறேன்.

தவறு தேடும் பழக்கத்துக்கும் ஓலை நல்லது. ஏழாவது வரிசையில் ஓர் ஓலையைத் தவறவிட்டால் அதற்குப் பிறகு வரும் கோடெல்லாம் விலகிப்போகும். பிள்ளைகள் கடைசி வரிசையைத் திருத்தத் தொடங்குகிறார்கள். முதலில் விலகிய வரிசையைக் கண்டுபிடித்து, அதுவரை பிரித்து, அங்கிருந்து மறுபடி பின்ன வேண்டும். பிரித்துப் பின்னியவர்கள் திரையிலும் பிழைச்செய்தியின் கடைசி வரியோடு நிற்காமல் மேலே போய்த் தேடுவதைப் பார்க்கிறேன்.

எழில் என்ற தமிழ் நிரல்மொழியில் தொடங்கலாமா என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார். 'பதிப்பி' என்று எழுதியதும் பிள்ளைக்குப் பொருள் புரிவது பெரிய உதவி. தொடக்கத்தில் தாளிலிருந்து நேராக அதற்குப் போய், பிறகு பைதானுக்கு மாற எண்ணியிருக்கிறேன், தேர்வு பைதானில்தான்.

இரவுப்பணி எழுதியது:

கோலமும் கூடையும் என் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டன. பின்னல் பற்றி மட்டும் இன்னும் என் சந்தேகம் தீரவில்லை. நகரி அண்ணா, சாய்வரியில் நிபந்தனை பார்த்துப் போக்கை மாற்ற வேண்டிய வடிவம் ஏதாவது உண்டா?

நகரித்தறி எழுதியது:

உண்டு தம்பி. நெளிவரி போட்டுப் பாருங்கள். நான் மேலே தந்த நான்கு வரிசைகளை 1, 2, 3, 4 என்று போய், பிறகு 3, 2 என்று இறங்கி, மறுபடி 1இல் தொடங்க வேண்டும். கோடு ஒரு பக்கம் சாய்ந்து போய் மறுபக்கம் திரும்பும். பிள்ளைகள் ஆறு வரிசையையும் பட்டியலாக எழுதக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். கையில் இரண்டு எண்கள் மட்டும் வைத்துக்கொள்ளலாம். இப்போது எந்த வரிசை என்பது ஒன்று, ஏறுகிறோமா இறங்குகிறோமா என்பது இன்னொன்று. 4ஐத் தொட்டால் இறங்கு, 1ஐத் தொட்டால் ஏறு. நெடுக்கு ஓலை எண்ணையும் இதேபோல ஏற்றி இறக்கினால் வைரக்கட்டம் விழும். டீச்சர், கட்டத்தாளில் வரைந்து படம் எடுத்து இன்று மாலை இங்கேயே போடுகிறேன். பிள்ளைகளுக்கு வைரத்தின் படத்தை மட்டும் காட்டுங்கள், விதியை அவர்களே எழுதட்டும்.